பூஜை அறையின் சிவப்பு பல்பு

காலை ஐந்தே முக்காலுக்குப் பூஜை அறைக் கதவைத் திறந்தேன். மகளின் முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கையில் தண்ணீர்ச் சொம்பு. உள்ளே எப்போதும்போல சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாலிகைக் கிண்ணங்களைச் சுற்றி யாரோ நூலைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். நூல் இல்லை, முளைகள். ஐந்து கிண்ணத்திலும் பயிர் சாய்ந்து, விளிம்பைத் தாண்டித் தொங்கி, நுனி தரையில் படுத்துக் கிடந்தது.

சொம்பைக் கீழே வைத்தேனா, கையிலேயே வைத்திருந்தேனா என்று நினைவில்லை. வாசல்வரை போய், தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது மட்டும் நினைவிருக்கிறது. எதற்காகப் போய்ப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பாலிகை என்பது பெரிய சடங்கு ஒன்றுமில்லை. எங்கள் வழக்கத்தில், கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் பெண் வீட்டில் சுமங்கலிகள் சேர்ந்து, ஊறவைத்த நவதானியத்தை மண் கிண்ணங்களில் தெளிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் தனியாகத் தெளிப்பார்கள். முளைத்து வந்ததை மண்டபத்துக்குக் கொண்டுபோய் இரண்டு வீட்டுக் கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எல்லாம் முடிந்ததும் மணிமுத்தாற்றில் தண்ணீர் இருந்தால் ஆற்றில் கரைப்போம், இல்லாவிட்டால் கிணற்றடியில். அவ்வளவுதான். ஆனால் முளை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காதவர்கள் யாரும் கிடையாது. வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பார்ப்பார்கள். மண்டபத்தில் நடந்து போகிறபோது ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அன்று காலை பத்து மணிக்குச் சம்பந்தியம்மா திட்டக்குடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கூறைப்புடவையைக் கொடுத்துவிட்டுப் பாலிகையையும் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பச் செய்தேன், அப்போதும் எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் போன் எங்கே கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க முயன்றேன் என்று சொல்வதுதான் சரி.

நான் பீங்கான் தொழில் படித்தவள். டிப்ளமா முடித்து, விருத்தாசலத்திலேயே ஒரு சிறிய கம்பெனியில் சூளைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சூளைச் சுவரில் இருக்கும் சிறு துளை வழியாக உள்ளே பார்த்து, நெருப்பின் நிறத்தை வைத்தே சூடு எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மீட்டர் இருக்கிறது, ஆனாலும் கண்ணால் ஒருமுறை பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. கருஞ்சிவப்பு என்றால் இன்னும் வெகுநேரம் இருக்கிறது. ஆரஞ்சு என்றால் மண் கெட்டிப்பட ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் வெளுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் மேல்பூச்சு உருகிப் பளபளக்கும். இத்தனை வருஷம் நிறத்தை நம்பியே வேலை பார்த்தவள் நான். சகுனம் பார்க்கிற ஆள் இல்லை. போன வருஷம்வரை இல்லை.

போன வருஷம் மகளுக்கு வேறொரு இடத்தில் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ஒரு மத்தியானம் அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. "வேணாங்க, வுட்டுடலாம்" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "காரணம்லாம் ஒன்னும் இல்லைங்க" என்றார்கள். காரணம் ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொன்னதால் எல்லாமே காரணமாகிவிட்டது. நிச்சயத்தன்று காபி ஆறிப்போயிருந்தது காரணம். நான் கட்டியிருந்த புடவையின் நிறம் காரணம். வாசலில் கோலம் லேசாக அழிந்திருந்தது காரணம். மகள் சில மாதம் வேலைக்கே போகாமல் அறைக்குள் கிடந்தாள். ஜன்னல் திரையைக்கூட விலக்கவிடவில்லை. அதற்குப் பிறகு அவளாகவே எழுந்து, தலை வாரி, பஸ் ஏறி வேலைக்குப் போனாள். அவள் எழுந்துவிட்டாள். நான்தான் எழவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை பாலிகை தெளித்ததும் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். என் வீட்டுக்காரரின் அக்கா சொன்ன யோசனை அது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாண வேலைக்காக முன்னதாகவே வந்து தங்கியிருந்தார்.

"ஒருத்தர் கண்ணும் அது மேல படக்கூடாது. காலையில ஒரு வாட்டி நீ போயி தண்ணி தெளிச்சிட்டு வந்துடு. பொண்ணையும் வுடாத" என்றார்.

முழு இருட்டில் மூடி வைப்பது உண்டு. எனக்குத்தான் இருட்டில் வைக்க மனசு வரவில்லை. சிவப்பு பல்பு பூஜை அறையில் இரவும் பகலும் எரிகிற பல்புதானே, அது இருக்கட்டும் என்றேன். சாமி வெளிச்சத்தில் முளைக்கட்டும் என்று அண்ணியும் ஒத்துக்கொண்டார். முளைகள் சரசரவென்று உயர்ந்தபோது இரண்டு பேருக்கும் பெருமையாகக்கூட இருந்தது. விரலைப் பக்கத்தில் வைத்து வைத்து அளந்தேன். அந்த உயரம்தான் இப்போது தரையில் கிடந்தது.

அண்ணி எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, என்னாம்மா இது, நண்டு நடந்த மாதிரி கெடக்குது?"

"தெரியல அண்ணி. நேத்து காலையில கொஞ்சம் சாஞ்ச மாதிரிதான் இருந்துச்சி."

"நேத்தே சொல்றதுக்கு என்னா? அந்தம்மா பத்து மணிக்கு வருது. இதப் பாத்தா என்னா நெனைக்கும்? போயி அவங்க சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லும்."

என் வீட்டுக்காரர் பனியனோடு வந்து நின்றார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருக்கிறார். எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

"செவப்பு எரிஞ்சா நிக்கணும்ல? இதுங்க பாட்டுக்கு ஓடியிருக்குதுங்களே" என்றார்.

"என்னாங்க, வெளையாடற நேரமா இது?"

"சரி, மார்க்கெட்டுல மொளைகட்டின பயிறு பாக்கெட்டு போட்டு விக்கிறான். வாங்கியாந்து மேல தூவிடட்டா?"

"நீ போடா, போயி பல்லு வெளக்கு" என்றார் அண்ணி. ஐம்பது வயதைத் தாண்டிய தம்பி பேசாமல் போய்விட்டார்.

அண்ணி மஞ்சள் நூலை எடுத்து வந்தார். ஒரு கிண்ணத்து முளைகளை அள்ளிச் சேர்த்து, கீரைக்கட்டு மாதிரி கட்டப் பார்த்தார். இரண்டு மூன்று தண்டுகள் உடைந்து அவர் கையோடு வந்தன. உள்ளே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லாத மாதிரி அவ்வளவு மெல்லிசு. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் மகள் எழுந்து வந்தாள். அவளை உள்ளே விடக்கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தவள், நேராக உட்கார்ந்து ஒரு தண்டை விரலால் தூக்கிப் பார்த்தாள். அவள் விவசாயம் படித்தவள். கடலூர்ப் பக்கம் வாழைக் கன்றுகளைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை. அங்கே அலமாரி முழுக்கச் சிவப்பும் நீலமும் கலந்த விளக்குகள். ஒருமுறை போட்டோ அனுப்பியிருந்தாள். எல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. கண்ணுக்கு ஆகாதே என்று மட்டும்தான் நான் அன்று பதில் அனுப்பினேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "இந்த பல்பு ராத்திரி பகல் எரியுதா?" என்று கேட்டாள்.

"ஆமாம். அதுக்கென்னா?"

"கதவு?"

"சாத்திதான் இருந்துச்சி."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று என்பதும் அதே நேரத்தில் தோன்றியது.

"அம்மா, இது கண்ணுமில்ல, மண்ணுமில்ல. பல்புதான். வெறும் செவப்பு வெளிச்சத்துல வளந்தா இப்பிடித்தான் வரும்."

"செவப்பும் வெளிச்சம்தானடி?"

"வெளிச்சம்தான். ஆனா செடிக்கு ஒவ்வொரு நெறமும் ஒவ்வொரு சேதி. வெயில்ல எல்லா நெறமும் இருக்குது. அதுல நீலம் பட்டாத்தான், போதும், மேல வந்தாச்சி, இனிமே நில்லுன்னு தண்டுக்குத் தெரியும். குட்டையா, கெட்டியா நிக்கும். நீலமே படலன்னா இன்னும் எதுக்கோ அடியிலதான் கெடக்குறோம்னு நெனச்சிக்கிட்டு மேல போவணும், மேல போவணும்னு இழுத்துக்கிட்டே போவும். இருக்குற சத்தெல்லாம் ஒசரத்துக்கே போயிடும். அப்புறம் எங்க நிக்கிறது?"

"மேலதான போவணும்? ஏன் பக்கத்துக்கு ஒன்னா சாஞ்சி கெடக்குது?" என்று அண்ணி கேட்டார்.

"அதுவும் நீலத்தாலதான் அத்தை. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு செடி நீலத்த வச்சித்தான் கண்டுபுடிக்கும். செவப்பு இருக்குதுன்னு தெரியும், எந்தப் பக்கம்னு தெரியாது. இருட்டுல சுவிட்ச தேடுற மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் போயிருக்குதுங்க."

அண்ணி அந்த பல்பை ஏதோ துரோகம் செய்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

நான் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் நிறத்தைப் பார்த்து நெருப்பைப் புரிந்துகொண்டவள், ஒரு நிறத்துக்குள் இவ்வளவு இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என்னை உட்கார வைத்தது அது இல்லை. காரணம் என்று ஒன்று இருக்கிறது என்பதுதான். கேட்டால் சொல்லக்கூடிய காரணம். அது காபியும் இல்லை, கோலமும் இல்லை.

"சரி, இப்ப என்னா பண்றது? வெயில்ல வச்சா நேராயிடுமா?" என்றேன்.

"வளந்தது வளந்ததுதாம்மா, குறையாது. இனிமே வளர்றதுதான் கெட்டியா வரும். ஆனா நுனி திரும்பும். மாடிக்குக் கொண்டுபோலாம்."

மாடியில் சமையலுக்காக நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். சமையல்காரர்கள் அடுத்த நாள்தான் வருவார்கள். கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினோம். தார்ப்பாய்க்குக் கீழே, கைப்பிடிச் சுவர் ஓரமாக, ஏற்கெனவே ஒரு கிண்ணம் இருந்தது. எங்கள் கம்பெனியில் விரிசல் விட்டதென்று கழித்துப்போட்ட பீங்கான் கிண்ணம். அதில் அடர்த்தியாகப் பயிர். விரல் உயரம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, நிமிர்ந்து, சின்னப் பிரஷ் மாதிரி நின்றது.

"இது ஏது?"

"நீ தெளிச்சிட்டு மிச்சம் ஊறவச்ச தானியத்த சிங்க்குல கொட்டப் போன. நான்தான் வாங்கியாந்து இதுல போட்டேன். அதே நாளு, அதே தானியம்."

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான்.

"பாப்பா, இத மண்ணோட பேத்து அந்தக் கிண்ணத்துல வச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அண்ணி.

"எனக்குத் தெரியும் அத்தை."

"நீ வாய மூடிக்கிட்டு இரு."

"மாட்டேன். அஞ்சு பேரு மஞ்சக் கையோட தெளிச்சது அதான். அதுவே வரட்டும்."

நான் குரலை உயர்த்தினேன். அந்தம்மா வந்து பார்த்தால், போய் அவர்கள் வீட்டில் சொன்னால், மறுபடியும் ஒரு போன் வந்தால் என்று சொல்லிக்கொண்டே போனேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை. மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சாஞ்ச பயிரப் பாத்து வேணாம்னு சொல்ற வூடா இருந்தா, இப்பவே சொல்லிட்டுப் போவட்டும்மா. அங்க போயி நான் தெனம் நிமுந்து நிமுந்து காட்டிக்கிட்டு இருக்க முடியாது. எனக்கும் அலுப்பா இருக்குது" என்றாள். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

கிண்ணங்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே ஆயிரம் வேலை கிடந்தது. தாம்பூலப் பைகளில் தேங்காய் போடவேண்டும், வாடகைப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கவேண்டும். எதற்கும் கை எழவில்லை. வெயில் ஏற ஏற, தார்ப்பாய் வழியாக இறங்கிய நீலம் என் புடவையில், கையில், வெளிறிய தண்டுகளின்மேல் எல்லாம் படிந்தது. பக்கவாட்டில் திறந்த இடத்திலிருந்து நல்ல வெளிச்சமும் வந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கண் அயர்ந்து விழித்தேன். தரையில் படுத்திருந்த தண்டுகளின் நுனிகள் லேசாகத் தூக்கியிருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, திறந்த வெளிச்சத்தைப் பார்த்து. உடம்பு முழுக்கப் படுத்தபடியே இருக்க, தலையை மட்டும் தூக்கி யார் வந்தது என்று பார்ப்பதுபோல இருந்தது. மகள் அறைக்குள் கிடந்த நாட்களில் நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் அப்படித்தான் பார்ப்பாள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

பத்து மணி ஆயிற்று. சம்பந்தியம்மா வரவில்லை. பதினொன்று ஆயிற்று. போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப் என்றது அந்தக் குரல். மாப்பிள்ளைக்குச் செய்யலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வேணாம். ரயில்வே கேட்ட மூடியிருப்பான். கூட்ஸ் வண்டி ஒன்னு நிக்குது, ஸ்டேஷன்லேந்து சொன்னாங்க" என்றார்.

"ஒரு மணி நேரமாவா மூடியிருக்கும்?"

அவருடைய போனை அவர் ஒளித்து ஒளித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்துவிட்டேன். அண்ணி கிண்ணங்களைக் கீழே கூடத்தில் கொண்டுவந்து, ஜன்னல் பக்கமாக வரிசையாக வைத்தார். பூஜை அறையில் வைக்கவில்லை. ஏதோ நினைத்துக்கொண்டவர்போல உள்ளே போய், அந்தச் சிவப்பு பல்பை அணைத்துவிட்டு வந்தார். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்ததிலிருந்து அது அணைந்து நான் பார்த்ததில்லை.

மகள் சாப்பிட உட்கார்ந்தாள். இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிர, வாயில் போடவில்லை. தைரியமாகப் பேசியவளின் கை அது. போன வருஷம் அந்த போன் வந்ததும் இப்படி ஒரு மத்தியானம்தான்.

வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டபோது யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாக எழுந்தோம்.

சம்பந்தியம்மா தனியாக இறங்கினார். ஒரு கையில் புடவைப் பை, இன்னொரு கையில் செத்துப்போன செல்போன். முகமெல்லாம் வேர்வை. ரயில்வே கேட்டில் பஸ் வெகுநேரம் நின்றுவிட, இறங்கி நடந்து வந்து ஆட்டோ பிடித்தாராம். தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். புடவைப் பையை மகள் கையில் கொடுத்து அவள் கன்னத்தைத் தொட்டார். பிறகு அவர் கண் ஜன்னல் பக்கம் போயிற்று.

என் வாய் தானாகவே, "சாஞ்சிடுச்சிங்க. பல்பு வெளிச்சத்துல வச்சதால..." என்று ஆரம்பித்தது. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கிண்ணங்களுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு தண்டைத் தொட்டு, அதன் தூக்கிய நுனியை விரலில் ஏந்தி, வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்க வூட்டுல மொளைக்கவே இல்லைங்க" என்றார். "துணியப் போட்டு மூடி மூடி வச்சேன். தண்ணி ஜாஸ்தியாயி எல்லாம் அழுவிப்போச்சி. நேத்து நீங்க போன் பண்ணீங்க, பாலிகை எப்பிடி இருக்குதுன்னு கேட்டுடுவீங்களோன்னு பயந்துக்கிட்டுதான் எடுக்கல. வூட்டுல யாருக்கும் சொல்லல. போன தடவ உங்களுக்கு அப்பிடி ஆயிடுச்சேன்னு, இதப் போயி எப்பிடி சொல்றதுன்னு..."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"எங்க கிண்ணத்துல வைக்க மிச்சம் மொளை ஏதாவது இருக்குதாங்க? சாஞ்சதா இருந்தாலும் பரவால்ல, குடுங்க."